ஏழாவது பிறந்தநாளின் மேல் ஒரு விலைச்சீட்டு

நேற்று மதியம் ஒட்டிய பசை இன்னும் என் கட்டைவிரல் நகத்தடியில் இருக்கிறது. சோப்புப் போட்டேன், எண்ணெய் தேய்த்தேன், துண்டில் அழுத்தித் துடைத்தேன். போகவில்லை. தோலையே விட மாட்டேன் என்கிற இந்தப் பசையை நாற்பது ஆண்டுப் பழைய தாள் ஒன்றின் மேல், அதுவும் கையெழுத்தின் மேல், அழுத்தித் தேய்த்து ஒட்டியிருக்கிறார்கள். பழைய பொருள் கடைகளில் விலைச்சீட்டு ஒட்டும் அத்தனை பேரையும் வரிசையாக நிற்கவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்தீர்களா?

உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். அட்டையில் ஆசிரியர் பெயரின் முதல் பாதி உரிந்து வெள்ளையாகத் தெரியும் புத்தகம். நடுவில் சதுரமாகப் பிசுக்குப் படிந்து, அதில் தூசி அப்பிக் கறுத்துப்போன கண்ணாடிக் கிண்ணம். பாடகரின் முகத்திலேயே சீட்டு ஒட்டப்பட்ட இசைத்தட்டு உறை. எல்லாம் நாம் ஆசையாகத் தேடி எடுத்தவை. எல்லாவற்றிலும் அதே கட்டைவிரலின் வேலை.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு பஸ்களுக்கு நடுவே மூன்று மணி நேரம். பயணத்தில் எனக்குப் பிடித்ததே இப்படிக் கிடைக்கும் இடைவெளிதான். முதலில் ஒரு பழைய பொருள் கடை, பிறகு பக்கத்தில் கூட்டமுள்ள ஏதாவது ஓர் உணவகம். ஓர் ஊர்க்காரர்கள் எதை வைத்திருந்தார்கள், எதை வேண்டாம் என்று கொடுத்தார்கள் என்பது பழைய பொருள் கடையின் அலமாரியில்தான் தெரியும். நேற்று நான் நுழைந்த கடையில் கீழ்த்தட்டில், பழைய பில் புத்தகங்களுக்கும் மூடியில்லாத டப்பாக்களுக்கும் அடியில், ஓர் அட்லஸ் படுத்திருந்தது. பெரிய அளவு, துணி முதுகு, மூலைகள் மழுங்கியிருந்தன.

கடையின் தரையிலேயே உட்கார்ந்து விரித்தேன். பழைய அட்லஸைத் திறக்கும்போது உண்டாகும் மகிழ்ச்சி வேறு எதிலும் கிடையாது. பெர்லினைச் சுற்றி இன்னொரு ஜெர்மனி. செக்கோஸ்லோவாக்கியா ஒரே துண்டாக, யூகோஸ்லாவியா ஒரே நிறத்தில். ஏமன் இரண்டு. ஒரு பக்கத்தின் பாதியை நிரப்பிக்கொண்டு சோவியத் ஒன்றியம். சிறுபிள்ளையின் விரல் போன வழிகளில் பென்சில் கோடுகள் இருந்தன. அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே யாரோ ஒரு சிறிய கப்பல் வரைந்து, அதற்குப் புகையும் போட்டிருந்தார்கள். அந்தக் கப்பலைப் பார்த்தவுடன் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

பிறகுதான் முதல் தாளுக்கு வந்தேன். அட்டையைத் திறந்தவுடன் வரும் அச்சடிக்காத வெறுந்தாள். அதன் மேல் பாதியில் நீல மையில் சாய்வான எழுத்தில் மூன்று வரிகள். மகளுக்கு என்று முதல் வரி. ஏழாவது பிறந்தநாளில் என்று இரண்டாவது. மூன்றாவது வரியில் அப்பாவும் தேதியும். அந்தத் தேதியின் மேலே, நீளவாக்கில், மஞ்சள் விலைச்சீட்டு!

அந்தத் தாளின் அளவை நினைத்துப் பாருங்கள். அட்லஸ் தாள் ஐயா அது, இரண்டு கையையும் விரித்துப் பிடிக்க வேண்டிய தாள். அதில் எழுத்து இருந்தது ஒரு சாண் அகலத்துக்குத்தான். அதற்கு மேலே வெறுமை, கீழே வெறுமை, வலப்பக்கம் முழுக்க வெறுமை. பின்னட்டை பளபளப்பாக இருக்கிறது, அதில் ஒட்டியிருக்கலாம். எதிரே உள்ளட்டை இருக்கிறது, அதில் ஒட்டியிருக்கலாம். இத்தனை இடத்தையும் விட்டுவிட்டு, ஒரு தகப்பன் பேனாவைப் பிடித்து யோசித்து எழுதிய அந்த ஒரு விரற்கடை இடத்தைத் தேடிப்போய் ஒட்டியிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒட்டியிருந்தால்கூட எழுத்து தப்பித்திருக்கும். பார்த்துக்கொண்டே ஒட்டினால்தான் இவ்வளவு சரியாக அமையும்.

கல்லாவில் இருந்தவரிடம் காட்டினேன். "எழுத்து மேல ஒட்டியிருக்கே" என்றேன். "இழுத்தா வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே அவர் நகத்தால் மூலையைச் சுரண்டத் தொடங்கினார். புத்தகத்தை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். அதற்குள் சீட்டின் ஒரு மூலை கிழிந்து அவர் நகத்தோடு போய்விட்டது.

கிழியத்தான் செய்யும். கிழிவதற்காகவே செய்த சீட்டு அது. உற்றுப் பார்த்தால் அதில் அலை அலையாக வெட்டுக் கோடுகள் இருக்கும். ஒரு பொருளின் சீட்டை முழுசாக உரித்து இன்னொரு பொருளில் ஒட்டி விலையை யாரும் மாற்றிவிடக் கூடாதாம், அதற்காக இழுத்தவுடன் துண்டு துண்டாகப் பிய்யும்படி வெட்டி வைத்திருக்கிறார்கள். சோப்புப் பெட்டியில் ஒட்டுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்? கையால் எழுதிய தாளில் ஒட்டலாமா? திருடனை நினைத்து ஒட்டுகிறார்கள், வாங்கிப் போகிறவன் படும் பாட்டை நினைப்பதில்லை. அந்தப் பசை நாள் ஆக ஆகக் காகித இழைகளுக்குள் ஊறி இறுகும் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. அட்லஸின் வரைபடத் தாள்கள் வழவழப்பானவை, அவற்றில் ஒட்டியிருந்தாலாவது உரித்து எடுக்க ஒரு வாய்ப்பு உண்டு. எழுத்து இருந்ததோ சொரசொரப்பான தாள்.

பசையோடு கூடிய ஒட்டுச்சீட்டை 1935இல் லாஸ் ஏஞ்சலஸில் தொழிலாகத் தொடங்கிய ஸ்டான்டன் ஏவரி, தன் நிறுவனத்துக்கு முதலில் வைத்த பெயரே 'கம் க்ளீன்'. சுத்தமாக உரிந்து வரும் என்று பொருள். தொடங்கியவரே அதைத்தான் வாக்குறுதியாகக் கொடுத்தார்! லேசாக ஒட்டி லேசாக உரியும் பசையை 1968இல் ஸ்பென்சர் சில்வர் கண்டுபிடித்து, 1980இல் அது மஞ்சள் குறிப்புத்தாளாகக் கடைக்கும் வந்துவிட்டது. அதாவது அந்தத் தகப்பன் அட்லஸ் வாங்கிய காலத்திலேயே உலகத்திடம் உரிகிற பசை இருந்தது. இன்றைக்கு இவர்கள் கையில் மட்டும் அது இல்லை.

பசைகூட வேண்டாமே. தலைமுறை தலைமுறையாகப் பழைய புத்தகம் விற்பவர்கள் முதல் தாளின் மேல் மூலையில் மெல்லிய பென்சிலால் விலை எழுதுவார்கள். வீட்டுக்கு வந்து ரப்பரால் இரண்டு தேய்ப்பு, முடிந்தது. பாத்திரமா, கைப்பிடியில் நூலால் ஓர் அட்டையைக் கட்டுங்கள். துணியா, ஏற்கெனவே இருக்கும் துணிச்சீட்டில் குத்துங்கள். ஒரு பென்சில், ஒரு நூல்கண்டு. இவ்வளவுதானே கேட்கிறோம்? வேலை அதிகம், மூட்டை மூட்டையாக வருகிறது, ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று எனக்குச் சமாதானம் சொல்ல வராதீர்கள். பென்சிலால் எழுத ஆகும் நேரம் சீட்டை உரித்து ஒட்டும் நேரத்தைவிடக் குறைவு. நான் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வாங்கினேன். வாங்காமல் எப்படி விட்டு வருவது? எதிரே இருந்த உணவகத்துக்குப் போய் உட்கார்ந்தால், மேசை மேலேயும் ஒரு ஸ்டிக்கர்! மெனு கிடையாதாம், க்யூஆர் கோடாம். பழைய கோட்டின் மேல் புதியதை ஒட்டி, அதன் மேல் தட்டு தேய்ந்து, ஓரம் சுருண்டு, மூன்று மூலைகளில் இருக்க வேண்டிய கட்டங்களில் ஒன்றைக் காணவில்லை. 1994இல் ஜப்பானில் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்கக் கண்டுபிடித்தது இது. சுமார் 30 சதவீதம் வரை சேதமானாலும் படிக்கும்படி அதை அமைக்க முடியும். அந்தப் பெருந்தன்மையையும் தாண்டிக் கிழித்து வைத்திருந்தார்கள். போனை மேலே பிடித்தேன், பக்கவாட்டில் பிடித்தேன், எழுந்து நின்று பிடித்தேன். பரிமாற வந்தவர், "ஸ்கேன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். கடைசியில் பக்கத்து மேசைக்காரரின் தட்டைக் காட்டி, அதையே கொடுங்கள் என்றேன். சாப்பாடு அருமையாக இருந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. சமையல் தெரிந்த இடம். ஒரு தாளில் நாலு வரி எழுதி மேசையில் வைக்கத்தான் ஆள் இல்லை.

சாப்பிட்டு முடித்துக் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். கண்ணாடி, பீங்கான் என்றால் எண்ணெயைத் தடவி ஊறவிட்டால் பசை இளகிவிடும். தாளில் எண்ணெய் பட்டால் அந்தக் கறை ஆயுளுக்கும் போகாது. தாளுக்குச் சூடு ஒன்றுதான் வழி. வெந்நீர் ஒரு குவளை கேட்டு வாங்கி, அடிப்பக்கத்தை ஈரம் போகத் துடைத்து, தாளின் பின்புறமாக, சீட்டு இருந்த இடத்தில் வைத்து மெல்ல நகர்த்தினேன். முப்பது எண்ணும் வரை சூடு. பிறகு நகத்தின் ஓரத்தால் ஒரு மயிரிழை தூக்கல். மீண்டும் சூடு. வெட்டுக்கோடு வந்தவுடன் பிய்ந்துவிடும், அடுத்த துண்டின் மூலையைத் தேட வேண்டும். இப்படியே ஒரு துண்டு, இரண்டு துண்டு, மூன்று. தேதி வந்தது. மாதம் வந்தது. 1 வந்தது, 9 வந்தது. நீல மை கொஞ்சமும் கலையாமல் 8 வந்தது. அவ்வளவு பொறுமையாக நான் என் வாழ்நாளில் எதையும் செய்ததில்லை.

கடைசித் துண்டு, கல்லாக்காரர் நகத்தால் சுரண்டிய அந்த மூலை. அங்கே தாள் ஏற்கெனவே மேல்தோல் கிளம்பியிருந்தது. சூடு காட்டித் தூக்கினேன், பசையோடு தாளின் ஒரு படலமும் சேர்ந்து வந்துவிட்டது. புத்தகத்தில் 198 இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் பஞ்சு போல ஒரு வெள்ளைப் பள்ளம். உரிந்த துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். படலத்துக்குள் நீலமாக ஒரு வளைவு, இடம்வலம் மாறித் தெரிகிறது. 2 ஆக இருக்கலாம். 3இன் கீழ்ப்பாதியாகவும் இருக்கலாம். மீதியைத்தான் அந்த நகம் கொண்டுபோய்விட்டதே.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் விடவில்லை. அந்த இலக்கத்தை வரைபடத்திலிருந்தாவது பிடித்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். ரொடீசியா இல்லை, ஜிம்பாப்வே இருக்கிறது. ஆக 1980க்குப் பிந்தியது. புர்கினா ஃபாசோ இல்லை, மேல் வோல்டா என்றே இருக்கிறது. ஆக 1984 ஆகஸ்டுக்கு முந்தியது. கடைசிப் பக்கத்து நாட்டுப் பட்டியலில் பெலீஸ் இருக்கிறது, அது விடுதலை பெற்றது 1981 செப்டம்பரில். செயின்ட் கிட்ஸ் பட்டியலில் இல்லை, அது 1983 செப்டம்பர். அச்சிட்டது இந்த இரண்டு ஆண்டுகளுக்குள் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். ஆனால் அச்சிட்ட ஆண்டு எனக்கு எதற்கு? அவர் எந்த ஆண்டு கொடுத்தார்? கடையில் ஓராண்டு கிடந்த பிரதியாகவும் இருக்கலாமே. அந்தப் பெண்ணுக்கு இப்போது ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். கப்பல் வரைந்தவர் அவர்தானா? இந்த அட்லஸ் ஏன் கடைக்கு வந்தது? எதுவும் தெரியாது, தெரியப்போவதும் இல்லை. தெரிந்திருக்கக்கூடியது ஒரே ஓர் இலக்கம். அதையும் அழித்துவிட்டார்கள்.

இரவு தங்கும் அறைக்கு வந்தேன். போனுக்குச் சார்ஜ் போடலாம் என்றால் அறையில் இருந்த ஒரே பிளக் பாயிண்ட்டைப் பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். ஒட்டும் இடம் தெரியாதவர்கள் ஒரு பக்கம், வைக்கும் இடம் தெரியாதவர்கள் இன்னொரு பக்கம். பீரோவை நகர்த்துவதற்காக அட்லஸைக் கட்டில் மேல் கவிழ்த்து வைத்தபோதுதான் பின்னட்டையை முதன்முதலாகக் கவனித்தேன். கீழ் மூலையில் இன்னொரு விலைச்சீட்டு. அதே மஞ்சள், அதே கடை முத்திரை, அதே விலை.

நகத்தால் மூலையைத் தூக்கி இழுத்தேன். அது மட்டும் பளபளப்பான அட்டையிலிருந்து ஒரே இழுப்பில், ஒரு துண்டுகூடப் பிய்யாமல், முழுசாக வந்தது.