பனித்தளத்தில் நிற்கும்போது அண்ணாந்து பாருங்கள்

குளிர்கால விளையாட்டு அரங்கம் என்றாலே எல்லோரும் அதன் வெளித்தோற்றத்தைத்தான் பேசுகிறார்கள். கனடாவின் கால்கரியில் குதிரைச் சேணம் போல வளைந்த கூரை, நார்வேயின் ஹாமரில் கவிழ்த்துவைத்த வைக்கிங் கப்பல். அழகுதான், மறுக்கவில்லை. என் மனம் மட்டும் கூரையின் உட்புறத்திலேயே நிற்கிறது.

உள்ளரங்கப் பனித்தளம் விசித்திரமான கட்டுமானம். கான்கிரீட்டுக்குள் புதைத்த குழாய்களில் உறைநிலைக்கும் கீழே குளிர்ந்த உப்புக்கரைசல் ஓடும். அதன்மேல் தண்ணீரைப் படலம் படலமாகத் தெளித்து உறையவைப்பார்கள். மொத்தக் கனம் சுமார் 3 சென்டிமீட்டர்தான். ஆண்டு முழுவதும் இயங்கும் அரங்கமென்றால் அடியில் மண்ணைச் சூடாக வைத்திருக்கவும் ஏற்பாடு வேண்டும். இல்லையேல் மண்ணின் ஈரம் உறைந்து உப்பி, தளத்தையே தூக்கிவிடும்.

கீழே இத்தனை கவனம். மேலே? கூரை தன் வெப்பத்தைப் பனிக்கட்டியிடம் இழந்து குளிர்கிறது. ஈரக்காற்று அதில் பட்டு வியர்க்கிறது. ஒரு சொட்டு கீழே விழுந்தால், விழுந்த இடத்திலேயே சிறு கொப்புளமாக உறைந்து நிற்கும். சறுக்குபவர் காலில் தட்டுப்படும் அந்தக் கொப்புளத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பது பெருந்தவறு.

ஜெர்மனியின் பாட் ரைஹன்ஹால் நகரில் 1970களில் கட்டிய அரங்கம் 2006 ஜனவரி 2 அன்று இடிந்தது. கடும் பனிப்பொழிவு. மாலை 4 மணிக்கு மூடிக் கூரைப்பனியை அகற்றுவதாக இருந்தார்கள். அதற்குச் சில நிமிடங்கள் முன்பே கூரை விழுந்தது. 15 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பிள்ளைகள். பனியின் எடை மட்டும் காரணமல்ல. மர விட்டங்களை ஒட்டிய பசை ஈரம் தாங்காத வகை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஈரம் அதைத் தின்றுகொண்டிருந்தது. அதைப் படித்த நாளிலிருந்து என்னால் எந்தக் கூரையையும் வெறும் கூரையாகப் பார்க்க முடியவில்லை.

மரத்தின்மேல் பழி போடாதீர்கள். 1994 ஒலிம்பிக்கில் வேகச்சறுக்கு நடந்த ஹாமர் அரங்கமும் பலகைகளைப் பசையால் ஒட்டிச் செய்த மர வளைவுகளில்தான் நிற்கிறது. எந்தப் பசை, எவ்வளவு ஈரம், யார் எப்போது சோதித்தார்கள் என்பதே கேள்வி.

தூரத்திலிருந்து பார்த்துக் கையெழுத்திடும் சோதனை எனக்கு ஒப்பாது. ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு விட்டத்தையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த அறிக்கையை டிக்கெட் வாங்கும் இடத்திலேயே, பெற்றோர் கண்ணில் படும்படி ஒட்டிவைக்க வேண்டும்.