அக்கா சொன்னது கரடி

அந்த ரீலை இதுவரை எனக்கு ஒன்பது பேர் அனுப்பிவிட்டார்கள். ஒன்பதாவது ஆள் என் சொந்தச் சித்தி மகன், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை மூன்றைச் சேர்த்து. ஆங்கிலம் பேசப் பழக்குகிற ஒரு செயலியை எங்கள் ஊரில் காட்டியபோது, அக்கா கரடியை ஆங்கிலத்தில் 'பியர்' என்று சொல்ல, அது பீர் என்று எடுத்துக்கொண்டு எந்த பிராண்ட் என்று கேட்டு, முன்வரிசை சிரித்ததே, அந்த ரீல்தான். போதும், எல்லாரும் பார்த்தாச்சு. நானும் அங்கேதான் இருந்தேன். சொல்லப்போனால் அந்த அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

ரீலில் வெட்டிப்போட்டதற்கு அப்புறம் என்ன நடந்தது என்று ஒருவராவது கேட்டீர்களா? அக்கா சொல்ல வந்தது இது: முந்தின ராத்திரி பக்கத்து வீட்டு அடுக்களைக் கதவை ஒரு கரடி உடைத்து, எண்ணெய் டின்னை வாசல்வரை இழுத்துப் போட்டிருக்கிறது. இவர் தட்டைத் தட்டிக்கொண்டு வெளியே ஓடி, பாதிவழியில் பயந்து திரும்பி ஓடிவந்திருக்கிறார். கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதுசில்லை. விளக்கெண்ணெய் வாசத்துக்குக் கோயில் கதவையே உடைக்கிற கரடிகள் எங்கள் ஊர்க் கரடிகள். 'நேத்து என்ன செஞ்சீங்க' என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வைத்திருக்கிற ஒரு மனுஷியை அந்தச் செயலி இனிமேல் சந்திக்கப் போவதில்லை. ஆனால் அது பீர் பிராண்டை விசாரித்துக்கொண்டிருந்தது.

அக்கா 'பியர்' என்றுதான் சொன்னார், ஆமாம். டியர், நியர், ஹியர், ஃபியர் எல்லாவற்றையும் அப்படித்தானே படித்தோம்? எழுத்தைப் பார்த்துப் படித்தவர்கள் கரடியையும் அப்படித்தான் சொல்வார்கள். அதை மட்டும் 'பேர்' என்று சொல்ல வேண்டும் என்பது அந்த மொழியின் கிறுக்கு, அக்காவின் குற்றமில்லை. செயலி என்ன செய்கிறது? காதில் விழுந்த ஒலிக்கு, முன்னால் வந்த வார்த்தைகளோடு எது அதிகம் சேர்ந்து வரும் என்று கணக்குப் போடுகிறது. 'நேற்று ராத்திரி' என்பதற்குப் பக்கத்தில் உலகத்தில் பலருக்கு வருவது பீர். எங்களுக்கு வருவது கரடி.

சரி, தப்பாகக் கேட்டது, போகட்டும். என் கோபம் அதில் இல்லை. அது காத்திருக்கவில்லை, அதில்தான்.

என்னிடம் முழு வீடியோ இருக்கிறது. பத்து தடவை ஓட்டிப் பார்த்தேன். 'எஸ்டர்டே நைட்' என்று சொல்லி இரண்டு விநாடி யோசிக்கிறார். 'பியர்' என்கிறார். அடுத்து 'கம்' என்று சொல்ல வாய் திறந்திருக்கிறது. ஒரு விநாடிகூட ஆகவில்லை, அதற்குள் அந்த இனிப்புக் குரல் குறுக்கே விழுகிறது. 'கம்' என்ற வார்த்தைக்கு இடம் கொடுத்திருந்தால் பீர் எங்கிருந்து வரும்? பீர் நடந்து வருமா?

இந்தக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் தெரிந்துகொண்டேன். எதிராளி எவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருந்தால் பேச்சு முடிந்தது என்று எடுத்துக்கொள்வது என ஓர் அளவு வைக்கிறார்கள். அதை எவ்வளவு குறைத்தால் உரையாடல் அவ்வளவு 'இயல்பாக' இருக்கிறதாம். மனிதர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள் என்பது உண்மைதான். பத்து மொழிகளை வைத்து 2009-இல் வெளிவந்த ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி இருந்தது. ஆனால் அது அவரவர் தாய்மொழி! அக்காவுக்கு வீட்டில் படுக மொழி, கடையில் தமிழ், மூன்றாவதுதான் இங்கிலீஷ். அந்த இரண்டு விநாடியில் அவர் இரண்டு மொழிகளைக் கடந்து வருகிறார். அதற்குப் பெயர் திணறல் இல்லை, நடை.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களிலேயே இதை வகுப்பறையில் உட்கார்ந்து அளந்திருக்கிறார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி. அதை மூன்று விநாடி ஆக்கச் சொன்னார். பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வாயே திறக்காதவர்களும் திறந்தார்கள். ஐரோப்பாவில் மொழித்திறனை அளக்க 2001-இல் வெளியிட்ட சட்டகத்தில், ஆக அடிமட்டமான ஏ1 நிலைக்கான விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். எதிரே இருப்பவர் மெதுவாகவும் தெளிவாகவும் பேசி, உதவவும் தயாராக இருந்தால் இவரால் எளிமையாக உரையாட முடியும் என்கிறது. அதாவது தொடக்கநிலைக்காரரின் திறமையில் பாதி எதிராளியின் பொறுமையில் இருக்கிறது. ஏ1 மாணவருக்கென்று விற்கிற செயலி அந்த ஒரு வரியைப் படித்திருக்க வேண்டாமா?

இங்கே ஒருவர் வருவார், எனக்குத் தெரியும். "வெளியே நிஜ உலகத்தில் யார் காத்திருப்பார்கள்? இப்போதே பழகட்டும்." ஐயா, நீச்சல் பழக வந்தவரைப் பவானி ஆற்றின் வெள்ளத்தில் தள்ளிவிடுவீர்களா?

அப்புறம், நிஜ உலகம் காத்திருக்காது என்று யார் சொன்னது? என் அப்பா எட்டாவதோடு நின்றவர். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு டாக்ஸி ஓட்டினார். அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. அப்பாவின் ஆங்கிலம் முழுக்க அந்த வளைவுகளில் படித்தது. ஒரு வாக்கியத்தை இருபதாவது வளைவில் தொடங்கினால் இருபத்தி மூன்றாவதில் முடிப்பார். நடுவில் கியர் மாற்ற வேண்டும், எதிரே வருகிற வண்டிக்கு ஒதுங்க வேண்டும், வினைச்சொல்லையும் தேட வேண்டும். முதல் கியரில் ஏறுகிற வண்டிக்குள் யாருக்கு என்ன அவசரம்? பின்சீட்டில் இருந்த வெள்ளைக்காரக் கிழவரும் கிழவியும் காத்திருந்தார்கள். வார்த்தை வராவிட்டால் கையை ஆட்டிக் காட்டுவார், அவர்கள் எடுத்துக்கொடுப்பார்கள். ஊட்டி வருவதற்குள் அன்று நாலு புதுச் சொல். எனக்குத் தெரிந்து நல்ல பேச்சுத்துணைக்கு இதுதான் வடிவமைப்பு.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு இன்டர்வியூ. 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' மனப்பாடமாக இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை, அப்பா என்ன செய்கிறார் என்றார். டிரைவர் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். எனக்கு அப்பாவைப் பற்றி ஒரு முழு வாக்கியம் சொல்ல ஆசை. தேடினேன். அவர் வாட்சைப் பார்த்து 'ஓகே, நெக்ஸ்ட்' என்றார். வாக்கியம் அன்று சாயங்காலம் பஸ் பர்லியாறு தாண்டும்போது வந்தது. யாரிடம் சொல்ல?

அடுத்த ஆட்சேபணை: "ஃபோன் முன்னால் வெட்கம் இருக்காதே, மனிதர்களைவிட அது மேல் இல்லையா?" இதை ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் அக்காவை அங்கே கூட்டிப் போனேன். எங்கள் வாசகசாலையில் சாயங்காலம் பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் என் முன்னால்கூட வாயைத் திறக்க மாட்டார்கள், வீட்டுக்குப் போய்ப் போர்வைக்குள் ஃபோனோடு பேசுகிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அலுக்காமல் பேச எனக்குத் தெம்பு இல்லை, அதற்கு இருக்கிறது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, காத்திரு என்றுதான் சொல்கிறேன்.

இன்னும் ஒருவர் கமென்டில் எழுதியிருந்தார், என் 'டியூஷன் பிசினஸ்' படுத்துவிடும் என்று பயமாம். நான் ஒரு ரூபாய் வாங்குவதில்லை. சுண்டல் செலவு என்னுடையது. அதைத் தெரிந்துகொண்டாவது எழுதியிருக்கலாம்.

உச்சரிப்பைத் திருத்திக்கொண்டால் தீர்ந்தது என்கிறவர்களுக்கு: அமெரிக்காவிலேயே ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சுணர் கருவிகளைச் சோதித்து 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. வெள்ளையர் பேச்சில் நூறு சொல்லுக்கு 19 பிழை, கறுப்பினத்தவர் பேச்சில் 35. அவர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழி. அவர்களையும் உச்சரிப்பு வகுப்புக்குப் போகச் சொல்வீர்களா?

செய்வது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. தொடக்கநிலைக்காரர் என்றால் ஐந்து விநாடி விடுங்கள். 'இன்னும் சொல்லப் போகிறேன்' என்று அழுத்திப் பிடிக்க ஒரு பொத்தான் வையுங்கள். சந்தேகமாகக் கேட்டால் ஊகிக்காமல் திருப்பிக் கேளுங்கள். நடுவில் 'கரடி' என்று தமிழில் சொன்னால் வாங்கிக்கொண்டு ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொடுங்கள், அந்தக் கிழவர் என் அப்பாவுக்குக் கொடுத்த மாதிரி. அப்புறம் எதற்கெடுத்தாலும் 'வாவ், கிரேட் ஜாப்' வேண்டாம். ஐம்பது வயது மனுஷிக்கு யார் உண்மையாகப் பாராட்டுகிறார்கள், யார் சும்மா சொல்கிறார்கள் என்று தெரியும்.

இதை எல்லாம் அன்றைக்கே அந்தச் செயலித் தம்பியிடம் சொன்னேன். தலையாட்டினார், குறித்துக்கொண்டார், நல்ல பிள்ளைதான். சிரித்ததும் அவர் இல்லை. சிரித்தது நம்ம ஊர் ஆட்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்களில் இரண்டு பேருக்குப் போன வருஷம் நான்தான் வங்கிக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். செயலியாவது தெரியாமல் குறுக்கே பேசியது. உங்களுக்கு என்ன? கரடி வந்த சங்கதி காலையிலேயே ஊருக்கெல்லாம் தெரியும். அக்கா எதைச் சொல்ல வருகிறார் என்று தெரிந்துகொண்டேதானே சிரித்தீர்கள்?

அக்கா நேற்று வாசகசாலைக்கு வரவில்லை. ஃபோன் செய்தேன். தேயிலைக் கொழுந்து எடை போட நேரமாகிவிட்டதாகச் சொன்னார். நேற்று ஞாயிற்றுக்கிழமை.

ரீல் போட்ட தம்பிக்கு: உன் நம்பர் என்னிடம் இருக்கிறது, உன் அம்மா நம்பரும் இருக்கிறது. இன்று ராத்திரிக்குள் எடுத்துவிடு. மற்றவர்கள் இன்பாக்ஸில் வந்து அந்த அக்கா யார், எந்த ஹட்டி (படுகர் ஊர்) என்று கேட்க வேண்டாம். சொல்ல மாட்டேன்.