ஆயில் மாற்றிய கையோடு இரவில் கிளம்ப வேண்டாம்

சின்ன விமானம் ஒன்று ராத்திரியில் விழுந்தது, என்ஜினில் ஆயிலே இல்லாமல் போயிருந்தது என்று செய்தி வந்தால் போதும், ஆளாளுக்கு விமானியைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒற்றை என்ஜினை நம்பி இருட்டில் ஏன் போனார், ஆயில் அழுத்தம் காட்டும் மீட்டரைப் பார்க்கவில்லையா, ஏதாவது ரோட்டில் இறக்கியிருக்கலாமே என்று. இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. விமானம் தரையில் நிற்கும்போதே, பராமரிப்பு நடக்கும் கொட்டகையான ஹேங்கரிலேயே தொடங்கிவிட்ட விபத்தாகவும் அது இருக்கலாம் அல்லவா? அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

செஸ்னா 172 மாதிரியான ஒற்றை என்ஜின் சின்ன விமானத்தின் என்ஜினில் இருப்பது ஏறக்குறைய ஏழரை லிட்டர் ஆயில். உராய்வைக் குறைப்பதோடு சூட்டை வெளியே கொண்டுபோவதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆயில் வடிந்துவிட்டால் என்ஜினின் சுழலும் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங் காய்ந்து உருகும். அப்புறம் பிஸ்டனை அந்தத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு உடைந்து என்ஜின் உறையையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதற்குமேல் எந்த விமானியாலும் அந்த என்ஜினை மீண்டும் ஓட்ட முடியாது.

ஆயில் எப்படிப் போகிறது? பல வழிகள் உண்டு. எனக்கு நெஞ்சை உறுத்துவது ஆயில் ஃபில்டர்தான். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது கசிவை அடைக்கும் அதன் ரப்பர் வளையமான கேஸ்கெட் சில நேரம் என்ஜின் பக்கமே ஒட்டிக்கொள்ளும். கருப்பில் கருப்பு, கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்தால்தான் தெரியும். அதன்மேலேயே புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு கேஸ்கெட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்காரும். தரையில் சில நிமிடம் ஓட்டிப் பார்க்கும்போது சொட்டுக்கூடக் கசியாமல் இருக்கலாம். மேலே போய் முழு அழுத்தத்தில் நெடுநேரம் ஓடும்போது கேஸ்கெட் பிதுங்கினால், ஆயில் பீய்ச்சியடிக்கும்.

பகலில் இது நடந்தால் ஒரு வயலாவது கண்ணில் படும். செஸ்னா 172 என்ஜின் நின்ற பிறகு, காற்று இல்லாவிட்டால், 3,000 அடியிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் மிதந்து போகும். கையில் இருப்பது நான்கு நிமிடம். ராத்திரியில் அந்த நான்கு நிமிடத்தை எங்கே செலவழிப்பது? வெளிச்சம் இருக்கும் இடத்தில் வீடுகளும் மின்கம்பிகளும். இருட்டாக இருக்கும் இடம் வயலாக இருக்கலாம், காடாக இருக்கலாம், ஏரியாகவும் இருக்கலாம். இறங்கு விளக்கின் வெளிச்சத்தில் தரை தெரியும்போது வேறு இடம் பார்க்க உயரம் மிஞ்சியிருக்காது. கண்ணாடியில் ஆயில் படிந்திருந்தால் அதுவும் தெரியாது.

மீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயில் அழுத்தம் குறைவாகக் காட்டி, ஆயில் சூடு மட்டும் சாதாரணமாக இருந்தால் மீட்டரே பழுதாகியிருக்கலாம் என்று செஸ்னா கையேடே சொல்கிறது. ஆனால் அப்போதும் பக்கத்து விமானத் தளத்தில் இறங்கச் சொல்கிறது. முதல் பாதி மனதில் தங்கிவிடுகிறது, இரண்டாம் பாதி நழுவிவிடுகிறது. அனுபவசாலிகளுக்கும் இது நடந்திருக்கிறது. 1983 மே 5 அன்று மியாமியிலிருந்து பஹாமாஸ் தலைநகர் நசாவுக்குப் போன ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 855 என்ற மூன்று என்ஜின் பயணிகள் விமானத்தில் ஒரு என்ஜினின் ஆயில் அழுத்தம் விழுந்தது. அதை நிறுத்திவிட்டுத் திரும்பும்போது மற்ற இரண்டிலும் ஆயில் இல்லை என்று காட்டியது. மூன்றிலும் ஒரே நேரத்தில் எப்படிப் போகும், மீட்டர் கோளாறாகத்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். மீட்டர் சொன்னது உண்மை. முந்தைய பராமரிப்பில் மூன்று என்ஜின்களிலும் ஆயில் கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் வளையங்களை மாட்டாமல் விட்டிருந்தார்கள். இரண்டு என்ஜின்களும் அடுத்தடுத்து நின்றுபோக, முதலில் நிறுத்திய என்ஜினைத் திரும்ப ஓட்டித்தான் 172 பேரும் உயிரோடு மியாமியில் இறங்கினார்கள். ஒற்றை என்ஜின்காரருக்குத் திரும்ப ஓட்ட இன்னொன்று ஏது?

அமெரிக்க விதிகள் இரவின் ஆபத்தை ஓரளவு கணக்கில் எடுக்கின்றன. கண்பார்வையை நம்பிப் பறப்பவர் பகலில் 30 நிமிட எரிபொருளைக் கூடுதலாக வைத்திருந்தால் போதும், இரவில் 45 நிமிடம் வேண்டும். பறக்கும் தன்மையை மாற்றக்கூடிய பெரிய வேலை நடந்திருந்தால், பயணிகளை ஏற்றும் முன் பறந்து சோதிக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. சாதாரண ஆயில் மாற்றம் அதில் வராது. உரிமையாளரான விமானி தானே செய்துகொள்ளக்கூடிய சின்ன வேலையாகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. ஏழரை லிட்டரையும் வடித்துவிட்டுத் திரும்ப ஊற்றும் வேலையில் கை தவறினால் என்ஜினே போய்விடும்.

ஆயில் தொடர்பான எந்த வேலை நடந்திருந்தாலும், முதல் பறத்தல் பகலில் நடக்கட்டும். விமானி மட்டும் ஏறி, ஓடுபாதையை விட்டு விலகாமல் அதன் மேலேயே அரை மணி நேரம் சுற்றட்டும். இறங்கியதும் என்ஜின் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து ஃபில்டரின் அடியில் விரலால் தடவிப் பார்க்கட்டும். ஈரம் இல்லை என்றால் அன்று இரவே தாராளமாகக் கிளம்பலாம். விமானம் அவசரமாக வேண்டும் என்று நிற்கும் உரிமையாளரும், மணி பார்த்துக்கொண்டே வேலை செய்யும் மெக்கானிக்கும் இந்த அரை மணி நேரத்தைத் தர வேண்டும்.