முதல் ஆளுக்கு முன்னால் வந்தவர்கள்

கலிபோர்னியாவின் முதல் சீன வழக்கறிஞர் யார் என்று கேட்டால், 1923-ல் சன்னது (வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமம்) பெற்ற யூ சுங் ஹாங் என்பார்கள். ஆனால் அவருக்கு 33 வருஷம் முன்பே, வேறொரு மாநிலத்தில் வாங்கிய சன்னதோடு கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றத்தில் போய் நின்றவர் ஒருவர் உண்டு. ஹாங் யென் சாங். அவரை விட்டுவிட்டு ‘முதல்’ என்று எழுதும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது.

1872-ல் சீன அரசு அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பிய சிறுவர்களில் அவரும் ஒருவர். யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 1881-ல் சீன அரசு எல்லா மாணவர்களையும் திரும்ப அழைத்துக்கொண்டது. போனவர் மறுபடி வந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1886-ல் முடித்தார். நியூயார்க்கில் சன்னது கேட்டார். நீ குடிமகன் இல்லை என்று மறுத்தார்கள். விடவில்லை. 1887-ல் அங்குள்ள ஒரு நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமைச் சான்று கொடுத்தது. அவர் மறுபடி விண்ணப்பிக்க வசதியாக மாநிலச் சட்டமன்றமே ஒரு தனிச் சட்டம் போட்டது. 1888-ல் சன்னது கிடைத்தது.

அப்புறம் சான் பிரான்சிஸ்கோ. அங்கே சீனர்கள் அதிகம், வழக்குகளும் அதிகம், அவர்கள் மொழி தெரிந்த வக்கீல்தான் இல்லை. வெளிமாநில சன்னது உள்ளவர் ஒரு மனு போட்டாலே அன்று கலிபோர்னியாவில் வக்கீலாகச் சேர்ந்துகொள்ளலாம். சாங் மனு போட்டார். 1890 மே மாதம் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1882-ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டப்படி எந்த நீதிமன்றமும் சீனருக்குக் குடியுரிமை தரக் கூடாது, ஆகவே உன் கையில் இருக்கும் சான்று செல்லாது, குடிமகன் ஆக முடியாதவன் வக்கீலும் ஆக முடியாது என்றார்கள். படிப்பில் குறை சொல்லவில்லை, நடத்தையில் குறை சொல்லவில்லை.

நானும் ஒரு வக்கீல். சன்னது வாங்கிய நாளை எங்களில் யாரும் மறக்க மாட்டோம். எனக்கு அன்று போட்ட புதுக் கவுனின் கஞ்சி வாசனைகூட நினைவிருக்கிறது. அந்த நாளை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, இரண்டே வருஷத்தில் இன்னொரு ஊரில் ‘அது வெறும் காகிதம்’ என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் வயிறு கலங்குகிறது.

சாங் வங்கி வேலைக்குப் போனார், பிறகு சீனத் தூதரகப் பணிக்கு. 1926-ல் இறந்தார். கலிபோர்னியாவின் டேவிஸ் சட்டக் கல்லூரியின் ஆசிய அமெரிக்க மாணவர்கள் விடாமல் முயன்றதால், 2015 மார்ச் 16 அன்று அதே உச்ச நீதிமன்றம் அவரை வழக்கறிஞராகச் சேர்த்துக்கொண்டது. 125 வருஷம்! தவறை ஒப்புக்கொண்ட நீதிமன்றத்தை மதிக்கிறேன். ஆனால் 1890-ல் சான் பிரான்சிஸ்கோவில் தன் மொழி பேசும் வக்கீல் இல்லாமல் கூண்டில் நின்றவனுக்கு அந்தத் தீர்ப்பு எதையும் திருப்பித் தராது. நஷ்டம் சாங் ஒருவருக்கு மட்டுமா?

இந்தக் குடியுரிமைக் கண்ணியில் ஓர் இந்தியரும் மாட்டினார். சகாராம் கணேஷ் பண்டிட், 1914-ல் குடியுரிமை பெற்று 1917-ல் கலிபோர்னியாவில் சன்னது பெற்றவர். அமெரிக்காவில் குடியேறிய இந்தியரான பகத் சிங் திண்டின் குடியுரிமை வழக்கில் வாதாடியவர் இவர்தான். 1923-ல் அந்த வழக்கு தோற்றது. இந்தியர்கள் ‘வெள்ளையர்’ அல்ல, குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று ஆனது. உடனே அரசு இவருடைய குடியுரிமையையே ரத்து செய்யப் பார்த்தது. கட்சிக்காரரின் குடியுரிமைக்காக வாதாடியவர் தன் குடியுரிமைக்காகவும் வாதாட வேண்டிய நிலை. 1926-ல் ஜெயித்தார். தோற்றிருந்தால் தொழிலும் போயிருக்கும்.

ஆனால் என் மனதில் அதிகம் நிற்பவர் செய் ஃபுஜீ. ஜப்பானில் பிறந்தவர், 1911-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் சட்டப் படிப்பை முடித்தார். ஜப்பானியருக்கும் குடியுரிமை கிடையாது, ஆகவே சன்னதும் கிடையாது. அவரும், கூடப் படித்த வெள்ளைக்கார நண்பர் மேரியன் ரைட்டும் சேர்ந்துகொண்டார்கள். நீதிபதி முன்னால் எழுந்து நிற்பவர் ரைட். கட்சிக்காரரோடு உட்கார்ந்து, விவரம் வாங்கி, வழக்கை வடிவமைப்பது ஃபுஜீ. ஜப்பானிய டாக்டர்கள் ஐந்து பேர் ஒரு மருத்துவமனை தொடங்க முயன்று, மாநில அரசு பதிவு செய்ய மறுத்தபோது, இந்த ஜோடிதான் அதை எதிர்த்தது. 1928-ல் நாட்டின் உச்ச நீதிமன்றம் டாக்டர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவரை முகாம்களில் அடைத்து வைத்தார்கள். வெளியே வந்தவர் 1948-ல் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு மனை வாங்கினார். வீடு கட்ட அல்ல. குடியுரிமை பெற முடியாதவர் நிலம் வாங்கக் கூடாது என்ற சட்டத்தை நீதிமன்றத்துக்கு இழுக்கத்தான். 1952-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. ரைட்தான் வாதாடினார். ஃபுஜீ மனுதாரர்.

மறு வருஷமே, 1953-ல், ஜான் அய்சோ லாஸ் ஏஞ்சல்ஸில் நீதிபதி ஆனார். அமெரிக்கப் பெருநிலத்தில் (ஹவாய்த் தீவுகள் நீங்கலாக) முதல் ஜப்பானிய அமெரிக்க நீதிபதி. பள்ளியில் மாணவர் தலைவராகத் தேர்வானபோது பெற்றோர்கள் எதிர்த்து, மாணவர் மன்றத்தையே நிறுத்திவைத்தார்கள் என்றால் அவர் பட்டதும் கொஞ்சமல்ல. அவருடைய பெருமையை நான் குறைக்கவில்லை. நீதிபதிகள் பட்டியலில் அவர் பெயர் முதலில் வரட்டும். ஆனால் அந்தப் பட்டியலுக்கு மேலே, கதவைத் தட்டித் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கும் சில வரிகள் வேண்டும். ‘முதல்’ என்று நாம் எழுதும் வருஷம் பல நேரம் கதவு திறந்த வருஷம்தான். தகுதியானவர் வந்து நின்ற வருஷம் வேறு. குடிமகனாக இருந்தால்தான் சன்னது என்ற விதியே கலிபோர்னியாவில் 1972-ல்தான் போனது.

ஃபுஜீக்கு 1954-ல் குடியுரிமை கிடைத்தது. 51-வது நாள் இறந்துபோனார். 2017 மே மாதம் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அவரை வழக்கறிஞர் சங்கத்தில் கௌரவ உறுப்பினராகச் சேர்த்தது. அவர் சட்டம் படித்து முடித்து அப்போது 106 வருஷம் ஆகியிருந்தது.