ஏழு ஆண்டு என்றால் ஏழு ஆண்டுதான்

பழைய ஹாலிவுட் நடிகைகளில் ஸ்டுடியோவோடு மோதியவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "பிடிவாதக்காரி", "திமிர் பிடித்தவள்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். புகழ்ந்து எழுதுகிறவர்களும் துணிச்சலைப் புகழ்கிறார்களே தவிர, சண்டை எதற்காக நடந்தது என்று சொல்வதில்லை. இதில் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. அவர்கள் வேலைக்குச் சேர்ந்த தொழிலாளிகள். வேலை நிலைமைக்காகத்தான் சண்டையிட்டார்கள்.

1930களில் ஒரு நடிகை ஸ்டுடியோவிடம் கையெழுத்திட்டால், ஏழு ஆண்டுகளுக்கு அவர் கட்டுப்பட்டவர். ஸ்டுடியோவோ தவணைக்கு ஒருமுறை யோசித்து, வேண்டாம் என்றால் அனுப்பிவிடலாம். எந்தப் படம், எந்த வேடம் என்பதையெல்லாம் முதலாளிதான் தீர்மானிப்பார். இன்னொரு ஸ்டுடியோவுக்கு ஆளை இரவல் கொடுத்து, வருகிற கூடுதல் பணத்தைத் தானே எடுத்துக்கொள்வார். கொடுத்த வேடத்தை நடிகை மறுத்தால் தற்காலிக நீக்கம். சம்பளம் நின்றுவிடும், வேறு இடத்தில் நடிக்கவும் முடியாது. இதையெல்லாம்விட என்னைக் கொதிக்க வைப்பது, அப்படி நீக்கப்பட்ட நாட்களைக் கணக்கெடுத்து ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டிவிடுவார்கள் என்பது. மறுக்க மறுக்கக் கயிறு நீளும்.

பெட்டி டேவிஸ் இதை 1936இல் எதிர்த்தார். அப்போதே ஆஸ்கார் வாங்கியிருந்தவர். வார்னர் பிரதர்ஸ் கொடுத்த மட்டமான கதைகளில் நடிக்க மறுத்து, வேறொரு தயாரிப்பாளரின் படத்துக்காக இங்கிலாந்து போய்விட்டார். ஸ்டுடியோ லண்டன் நீதிமன்றத்தில் தடை கேட்டது. அவர்களுடைய வழக்கறிஞர் சர் பாட்ரிக் ஹேஸ்டிங்ஸ், இது ஒரு குறும்புக்காரப் பெண்ணின் செயல் என்று வாதத்தைத் தொடங்கினார். அடிமைத்தனம் என்ற பேச்சு வந்தபோது, இவ்வளவு சம்பளம் தருவதானால் ஆயுள் முழுக்க அடிமையாக இருக்க நானே யோசிப்பேன் என்கிற பொருளில் சொன்னார். டேவிஸ் வழக்கில் தோற்று, ஹாலிவுட்டுக்கே திரும்பினார்.

"இவ்வளவு சம்பளம் வாங்கிக்கொண்டு என்ன குறை?" என்ற கேள்வியை இன்றும் கேட்கிறோம். வாரம் ஆயிரம் டாலருக்கு மேல் வாங்கியவர்தான் டேவிஸ். ஆனால் கூலி அதிகம் என்பதற்காகத் தன் தொழிலின்மேல் தனக்குள்ள உரிமையை ஒருவர் விற்றுவிட்டதாக ஆகிவிடுமா? நல்ல வேடம் ஒன்றுதான் நடிகருக்கு மூலதனம். மட்டமான படங்களாக வரிசையாகத் தள்ளினால் நாளைக்கு அவர் பெயர்தான் கெடும், முதலாளியின் பெயர் அல்ல.

தோற்ற டேவிஸை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. வென்றவர் அதே வார்னரில் நடித்த ஒலிவியா டி ஹாவிலண்ட். கதாநாயகன் எரால் ஃபிளின்னோடு எட்டுப் படங்கள். பெரும்பாலும் அழகாக நின்று காத்திருக்கிற காதலி. பெயர் வாங்கித் தந்த "கான் வித் த விண்ட்" மெலனி வேடம்கூட இரவலில் போய் நடித்ததுதான். அந்த உயரத்தைத் தொட்டுத் திரும்பியவரிடம் பழைய மாதிரி வேடங்களையே நீட்டினார்கள். அவர் மறுத்தார், நீக்கினார்கள். 1943இல் ஏழு ஆண்டு முடிந்தபோது, நீக்கத்தில் போன 25 வாரங்கள் பாக்கி என்றது ஸ்டுடியோ.

வழக்கறிஞர் மார்ட்டின் காங் அவருக்கு ஒரு சட்டத்தைக் காட்டினார். கலிபோர்னியாவின் தொழிலாளர் சட்டம், பிரிவு 2855. ஏழு ஆண்டுகளுக்கு மேல் யாரையும் ஒரு வேலை ஒப்பந்தத்தில் கட்டிப்போட முடியாது என்கிறது அது. ஏழு ஆண்டு என்றால் வேலை செய்த நாட்களின் கூட்டுத்தொகை என்றது வார்னர். நாட்காட்டியில் ஓடுகிற ஏழு ஆண்டு என்றார் டி ஹாவிலண்ட். எவ்வளவு எளிய வாதம்! ஒருவருடைய வயது ஸ்டுடியோவின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தா ஏறுகிறது?

வழக்கு நடந்த காலம் முழுவதும் அவருக்கு வேலை இல்லை. அவரை வைத்துப் படமெடுக்கக் கூடாது என்று வார்னர் மற்றக் கம்பெனிகளுக்கெல்லாம் கடிதம் அனுப்பியிருந்தது. நடிகைக்கு முப்பதை நெருங்கும் வயதில் அந்த ஆண்டுகள் என்ன விலை என்பது திரையுலகம் அறிந்த எவருக்கும் தெரியும். அவர் அந்த நாட்களில் ராணுவ மருத்துவமனைகளுக்குப் போய்க் காயம்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமரசத்துக்குப் போகவில்லை. திரையில் இத்தனை மென்மையாகத் தெரிந்த பெண்ணிடம் இந்த உறுதியை யார் எதிர்பார்த்திருப்பார்கள்?

1944இல் கீழ் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லின. 1945இல் மாநில உச்ச நீதிமன்றம் ஸ்டுடியோவின் முறையீட்டை விசாரிக்க மறுத்தது. விடுதலையான பிறகு தானே தேர்ந்தெடுத்த வேடங்களில் இரண்டு ஆஸ்கார் வாங்கினார். அந்தத் தீர்ப்பின் பலன் அவரோடு நிற்கவில்லை. போருக்குப் போயிருந்த நடிகர்கள் திரும்பி வந்தபோது, ராணுவத்தில் கழித்த ஆண்டுகளையும் ஒப்பந்தத்தின் வாலில் ஒட்ட ஸ்டுடியோக்களால் முடியவில்லை. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் போன்றவர்கள் சுதந்திரமாக வெளியே நடந்தார்கள்.