ஈ.எல்.டி இருந்தால் மட்டும் போதாது
ஒருவர், ‘அலாஸ்காவில் சின்ன விமானம் ஓட்டுபவருக்கு ஈ.எல்.டி (விமானம் மோதினால் தானாகவே அவசர சிக்னல் அனுப்பும் கருவி) ஒன்று போதும், 121.5 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைச் செயற்கைக்கோள் கேட்டுவிடும், கோடாரியும் சாப்பாடும் எடுத்துப்போவது பழைய காலத்துப் பழக்கம்’ என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் 121.5-ஐக் கவனிப்பதில்லை. 406 மெகாஹெர்ட்ஸ் மட்டும்தான். பழைய கருவி அலறினாலும், அந்த அலைவரிசையைத் திறந்து வைத்தபடி பக்கத்தில் யாராவது பறந்தால்தான் கேட்கும். 406 கருவியே இருந்தாலும் மோதலில் ஆன்டெனா முறிந்தாலோ விமானம் ஏரியில் மூழ்கினாலோ சிக்னல் போகாமலே இருக்கலாம். போனாலும் வானிலை மோசமாக இருந்தால் ஹெலிகாப்டர் உடனே கிளம்ப முடியாது. அந்த இரவுகளை யார் தாங்குவது?

அடுத்தது, அவசரகாலச் சாமான் எடுத்துப்போவது வெறும் பழக்கமல்ல, அலாஸ்கா மாநிலச் சட்டம். அந்தச் சட்டத்தில் நெடுங்காலம் இருந்த பட்டியல் இது: ஆளுக்கு ஒரு வாரத்துக்கான உணவு, கோடாரி, கத்தி, முதலுதவிப் பெட்டி, தூண்டில் சாமான், தீமூட்டி, ஆளுக்கொரு கொசுவலை முகமூடி, சைகை காட்டப் புகைக்குண்டு, சுடரொளி போன்ற சாமான் 2. (கொசுவலை சிரிப்பதற்கில்லை, கோடையில் அங்கே கொசு மொய்ப்பது அப்படி.) அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 1 வரை பனிக்காலணி, உறங்கும் பை, கம்பளி என்று பட்டியல் நீண்டது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் வால்பகுதியில் கட்டிவைத்தால், விமானம் எரியும்போது அதுவும் சேர்ந்து எரியும். தீமூட்டி, கத்தி, சைகைக் கண்ணாடி மூன்றும் நீங்கள் போட்டிருக்கும் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.