உள்ளூர்க் கதையா அது?

சனிக்கிழமை தருமபுரியில் நடந்த பேச்சுப்போட்டியைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டீர்கள், வீடியோவும் பார்த்திருப்பீர்கள். நான் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

ஒன்பதாவது படிக்கிற பிள்ளை. தலைப்பு இந்திய வரலாறு. பாராமகாலில் (தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்கு அந்தக் காலத்துப் பெயர்) தொடங்கி பாப்பாரப்பட்டி வழியாக வாச்சாத்திக்கு வந்தாள், எல்லாம் எங்கள் பக்கத்து ஊர்கள். நடுவர் மைக்கை வாங்கி, "உள்ளூர்க் கதையெல்லாம் வேணாம்மா, தேசத்தோட வரலாறு பேசணும்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார். பிள்ளை பேச்சை முடிக்காமலே இறங்கிப்போனாள்.

ஐயா, தேசத்தின் வரலாறு வேறு எங்கே நடந்தது? டெல்லியில் மட்டுமா?

1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் வயல் வயலாக அளந்தார்கள். ஜமீன்தார் இல்லாமல் குடியானவனிடமே நேராகக் கிஸ்தி வாங்கும் முறையை இங்கேதான் செய்து பார்த்தார்கள். மன்றோ 1820-ல் சென்னை கவர்னரானார். ரயத்துவாரி என்ற அந்த முறை மாகாணம் முழுக்கப் பரவியது, பம்பாய்ப் பக்கமும் போனது. பள்ளிப் புத்தகத்தில் இரண்டு மார்க் கேள்வியாக வருகிற அந்த முறையைச் சோதித்துப் பார்த்தது எங்கள் ஊர் மேட்டுக்காட்டில். அளவு தப்பாகப் போனபோதும் வரி ஏறியபோதும் பட்டவர்கள் எங்கள் ஆட்கள். இன்றைக்கும் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி, அதாவது வருஷா வருஷம் நடக்கும் நிலக்கணக்குத் தணிக்கை என்றால் மனுவோடு வரிசையில் நிற்கிறோம். இதெல்லாம் உள்ளூர்க் கதையா?

எங்கள் அம்மாயி ஊரில் ஏரிக்கரை ஓரம் ஒரு வேடியப்பன் கல் உண்டு. வில்லும் கையுமாக ஒரு ஆள், பக்கத்தில் தேய்ந்த எழுத்து. பொங்கலுக்குப் பொங்கல் அம்மாயி அதற்கு மஞ்சள் பூசிப் படையல் வைக்கும். "யாரு அம்மாயி இது?" என்று கேட்டால், "மாட்டக் காப்பாத்தப் போயி செத்தவன்டா" என்று சொல்லும். அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வட்டெழுத்து என்று ஒரு பழைய தமிழ் எழுத்து இருப்பதே தெரியாது. கல்லூரிக்குப் போன பிறகு தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களை வரிசையாகப் பார்த்தேன். பல்லவர் காலத்துக் கல்லில் முதலில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் வரும். அதற்குக் கீழேயே தொறு மீட்டுப் பட்டவன், அதாவது மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்தவன் பெயர். மகேந்திரவர்மனுக்கும் மாடு மேய்த்தவனுக்கும் ஒரே கல். இது தேசம், இது உள்ளூர் என்று அந்தக் கல்லைச் செதுக்கியவன் பிரிக்கவில்லை. நீங்கள் எதற்காகப் பிரிக்கிறீர்கள்?

"அப்படியானால் காந்தி, நேருவெல்லாம் வேண்டாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். யார் வேண்டாம் என்றது? சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவுக்கு ஜெயிலில் தொழுநோய் வந்தது. ரயிலில் ஏற்ற மறுத்தபோது நடந்தே ஊர் ஊராகப் போன மனுஷன் பாரதமாதாவுக்குக் கோயில் கட்டத் தேர்ந்தெடுத்த இடம் பாப்பாரப்பட்டி. 1923-ல் தேசியத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வங்காளத்திலிருந்து வந்து அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23-ல் சிவாவின் உயிர் அங்கேயேதான் போனது. தேசம் எங்கள் ஊரைத் தேடி வந்தது. அதைத்தானே அந்தப் பிள்ளை சொன்னாள்?

"தொரப்பள்ளி ராஜாஜியைப் பேசியிருக்கலாமே" என்கிறார் இன்னொருவர். பேசலாம். ஆனால் ஒரு பெரிய மனிதர் பிறந்ததால் மட்டும்தான் ஊருக்கு வரலாறு வருமா?

"வாச்சாத்தி அந்த வயசுக்கு மீறின விஷயம்" என்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கோபமாகவே பதில் சொல்கிறேன். 1992 ஜூன் 20 அன்று சந்தனமரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் அந்த மலையடிவாரத்துப் பழங்குடி ஊருக்குள் நுழைந்தபோது யாரும் வயசு பார்க்கவில்லை. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அந்தப் பெண்கள் கோர்ட் படியேறினார்கள். 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-ல் உயர்நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அரசாங்கத்தின் இத்தனை ஆட்களை ஒரே வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது அரூர் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள். அது இந்த நாட்டின் வரலாறு இல்லை என்றால் எதுதான் வரலாறு?

எனக்கு வலிப்பது நடுவர் சொன்னது மட்டும் இல்லை. பின்தங்கிய மாவட்டம், பின்தங்கிய மாவட்டம் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவன் நான். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊர் எது என்று கேட்டால் ஓசூர் பக்கம் என்றுதான் சொல்வோம். தருமபுரி என்று சொன்னால் கட்டட வேலைக்கு வந்த ஆளா என்று பார்ப்பார்கள். அந்த நகரத்துக் கட்டடங்களில் எங்கள் ஆட்களின் வியர்வையும் இருக்கிறது, அதுவும் எந்தப் புத்தகத்திலும் வராது. இதையெல்லாம் தாண்டி ஒரு பிள்ளை மேடையேறி என் ஊர் இந்த நாட்டுக்கு என்ன கொடுத்தது என்று நிமிர்ந்து பேசினால், அவளையும் உட்கார வைத்துவிடுகிறீர்கள். அதுவும் எங்கள் ஊரிலேயே, எங்கள் மேடையிலேயே.

நடுவர் பெரியவர், மரியாதை கொடு, பதிவை எடுத்துவிடு என்று இன்பாக்ஸில் சொல்கிறவர்களுக்கு: அவர் பெயரை நான் எங்கும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். பதிவை எடுக்க மாட்டேன். அந்தப் பிள்ளையை மறுபடி மேடையேற்றி முழுசாகப் பேசவிடுங்கள், அதற்குப் பிறகு மரியாதையைப் பற்றிப் பேசலாம்.